புள்ளிகளை அழித்த வயல்

இரண்டாண்டுகளுக்கு முன், தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று எங்கள் ஓரியன்டீரிங் மன்றம் நடத்திய போட்டியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 38 விநாடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றாள். நேரக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. முதலிடம் பெற்ற மாணவனும் அவளும் எல்லாக் கொடிகளையும் வரிசை மாறாமல் தொட்டிருந்தார்கள். இருவருடைய அட்டைகளிலும், கொடிகளைத் தொட்டதற்கு அடையாளமான துளைகள் சரியான கட்டங்களில் விழுந்திருந்தன. கோப்பையைக் கொடுத்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம், வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். ஆனால் அந்த 38 விநாடி என் மனத்தை விட்டு அகலவே இல்லை. அந்தப் போட்டிக்கு வரைபடம் வரைந்தவனும் பாதை அமைத்தவனும் முடிவை அறிவித்தவனும் நானே என்பதால், அதைப் பற்றி எழுத வேண்டியவனும் நானே.

விளையாட்டைப் பற்றி ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் ஊதா நிற முக்கோணம் புறப்படும் இடம், வட்டங்கள் போய்ச் சேர வேண்டிய இடங்கள், இரட்டை வட்டம் முடிவிடம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், நிலத்தில் 30 சென்டிமீட்டர் அளவில் ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு துணிக்கொடி தொங்கும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியில் போவது என்பதை ஓடுபவரே முடிவுசெய்ய வேண்டும். நார்வேயில் 1897 அக்டோபர் 31 அன்று பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1961இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. அந்தக் காட்டு நாட்டு விளையாட்டு மன்னார்குடிப் பக்கம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், புவியியல் ஆசிரியனாக முப்பதாண்டுகள் வரைபடம் கற்பித்துவிட்டு, ஒரு பிள்ளையையும் வரைபடத்தோடு வெளியே அனுப்பாமலேயே நான் ஓய்வுபெற்றது ஒன்றுதான். இப்போது நான்கைந்து பள்ளிகளிலிருந்து முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஹரித்ரா நதிக் குளக்கரையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பயிற்சி நடக்கும். வரைபடத்தை நிலத்தோடு பொருந்தும்படி திருப்பிப் பிடிப்பது, தான் நிற்கும் இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே ஓடுவது, நூறு மீட்டருக்குத் தனக்கு எத்தனை இரட்டை அடி என்று எண்ணி வைத்திருப்பது ஆகியவற்றை அங்கேதான் கற்றுக்கொடுக்கிறோம். சில ஞாயிறுகளில், நாற்பது நிமிடத்துக்குள் விருப்பமான வரிசையில் முடிந்தவரை அதிகக் கொடிகளைத் தொட்டு வரும் புள்ளிப் போட்டி இருக்கும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளி குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, சம்பா அறுவடை முடியும் வேளையில், ஊருக்கு வெளியே வயல்வெளியில் பெரிய போட்டி.

மேலும் கீழும்

இந்த விளையாட்டின் வரைபடத்தில் மிக முக்கியமான நிறம் பழுப்பு. அந்த நிறத்தில் வரையும் சமஉயரக் கோடுகளைப் பார்த்துத்தான் மலைநாட்டுக்காரர்கள் வழியைத் தீர்மானிக்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு என்பது அவர்களுடைய வழக்கம். எங்கள் வரைபடத்தில் அதைப் பாதியாகக் குறைத்தாலும், ஒரு திடலையோ ஆற்றுக் கரையையோ தவிர வேறெங்கும் பழுப்பு நிறத்துக்கு வேலை இருப்பதில்லை. இந்தச் சமவெளி அளவையாளர்களை முன்பே திணறடித்திருக்கிறது. 1808இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தம் முக்கோண அளவைப் பணியோடு தஞ்சைக்கு வந்தபோது, ஏறி நின்று தூரத்தைப் பார்க்க ஒரு குன்றும் இல்லாமல், தென்னந்தோப்புகளுக்கு மேலே உயர்ந்திருந்த கோயில் கோபுரங்களை நம்ப வேண்டியிருந்தது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. எங்கள் பிள்ளைகளும் வழி தடுமாறும்போது முதலில் தேடுவது மன்னார்குடி ராஜகோபுரத்தைத்தான்.

உயரம் இல்லாத நிலத்தில் திசை இல்லாமல் போவதில்லை. எங்கள் ஊர்களில் வலது, இடது என்று யாரும் வழி சொல்வதில்லை. வடவண்டை வீடு, தென்னண்டை வயல், கீழண்டைக் கொல்லை, மேலண்டை வாய்க்கால் என்றே பேசுகிறோம். மேற்கு என்பது மேல், கிழக்கு என்பது கீழ். தண்ணீர் மேலிருந்து கீழாகக் கடலை நோக்கிப் போகிறது. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் திசைகாட்டி ஒன்றும் புதிய பொருள் அன்று. முதல் நாள் வகுப்பில் கண்ணை மூடச் சொல்லி வடக்கைக் காட்டச் சொன்னால், கிராமத்துப் பிள்ளைகளின் விரல்கள் ஏறத்தாழ ஒரே பக்கம் நீள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது எனக்கு மிகவும் பெருமையான காட்சி.

பழுப்பு இல்லாத இடத்தை எங்கள் வரைபடத்தில் நீலம் எடுத்துக்கொள்கிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, பிறகு சி, டி என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரு முழ அகலக் கன்னியாக வயலுக்குள் நுழைகிறது. போதாததற்கு, மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகால்கள் வேறு. இங்கே ஓடுபவர் முன்னுள்ள கேள்வி, தண்ணீரை எங்கே கடப்பது என்பதே. மதகுப் பாலம் எங்கே இருக்கிறது, தென்னை மரத்தைக் குறுக்கே போட்டிருக்கும் இடம் எது, அதற்காக முந்நூறு மீட்டர் மேற்கே போய்த் திரும்பினால் லாபமா என்று கணக்கிட்டுக்கொண்டே ஓட வேண்டும். வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுகிறார்கள். மூடிய சில நாள்களில், மார்கழியில் இடுப்பளவு ஓடிய வாய்க்காலில் கால் நனையாமல் இறங்கி ஏறிவிடலாம். ஒரே வரைபடம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு நிலங்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலை நான் ஒரு குறையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கேதான் தவறு தொடங்கியது.

அழித்த புள்ளிகள்

அந்த ஆண்டு மார்கழியில், பெருநகரம் ஒன்றிலிருந்து இவ்விளையாட்டில் நல்ல அனுபவமுள்ள ஒருவர் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார். அக்கறையோடு வந்தவர், பிள்ளைகளுக்குப் பல நுட்பங்களைக் கற்றுக்கொடுத்தார். புறப்படும்போது என்னிடம், “எல்லாரும் வரப்பு மேலயும் கரை மேலயுமே ஓடுறாங்க. இது தெருவுல ஓடுற மாதிரிதான். நிலத்துக்குள்ள இறங்கி நேரா போற வாய்ப்பு இருந்தாத்தான் ஓரியன்டீரிங்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அவர்களுடைய காட்டு வரைபடங்களில் வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு, மஞ்சள் என்றால் திறந்தவெளி. எந்தப் பக்கமும் போகலாம் என்ற அந்தச் சுதந்திரம் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒருநாள் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சாகுபடி நிலத்துக்கு இவ்வரைபடத்தில் தனிக் குறியீடு உண்டு: மஞ்சளின் மேல் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள். பயிர்க்காலத்தில் அங்கே இறங்கக் கூடாது என்பதை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். பாமணியாற்றின் கிழக்கே நான் வரைந்திருந்த அந்தப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவு வரைபடம் முழுவதும் இந்தப் புள்ளிகள்தாம் இருந்தன. போட்டிக்குப் பத்து நாள் முன்பு, அறுவடை முடிந்த வயல்கள் எவை என்று மோட்டார் சைக்கிளில் சாலையோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். நெல்லை அறுத்தபின் எஞ்சும் தாள் மட்டும் நின்ற வயல்களைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கணினியில் அவ்வயல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, புள்ளிகளை நீக்கி வெறும் மஞ்சளாக மாற்றினேன். நான்காம் கொடிக்கும் ஐந்தாம் கொடிக்கும் இடையே 420 மீட்டர் நேர்க்கோட்டில் இப்படி ஏழெட்டு வயல்கள் அமைந்தன. சுற்றிப் போனால் 600 மீட்டருக்கு மேல். நேராகப் போனால் தாளில் ஓட வேண்டும், காய்ந்த வாய்க்கால் ஒன்றில் இறங்கி ஏற வேண்டும். முதன்முறையாக எங்கள் நிலத்தில் உண்மையான ஒரு தேர்வை உருவாக்கிவிட்டதாக மகிழ்ந்தேன்.

டெல்டாக்காரனான எனக்குத் தெரியாத ஒன்றும் அங்கே நடக்கவில்லை. சம்பாவை அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நெற்பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். அறுவடை முடிந்தபின் தாளுக்கு இடையில் அது முளைத்து நிற்கும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே எழுபது எழுபத்தைந்து நாளில் விளைந்துவிடும். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை. நெல்லில் விட்டதை உளுந்தில் பிடிக்கலாம் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் பங்குனியைக் கடக்கின்றன. இத்தனையும் தெரிந்தும், மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு வயலுக்குள் குனிந்து பார்க்காமல், தாளைப் பார்த்துத் தரிசு என்று எழுதிக்கொண்டேன்.

தைக் கடைசி ஞாயிறு

காலை ஏழு மணிக்கு, பனி முழுவதும் விலகாத வேளையில், இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். பயிர் இருக்கும் வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று புறப்படும் முன் வழக்கம்போலச் சொன்னேன். வாய்க்கால் கடக்கும் இடம் என்பதால், பாதுகாப்புக்காக நான்காம் கொடியருகிலும் ஐந்தாம் கொடியருகிலும் ஆசிரியர்கள் இருவரை நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் வந்து போகும் நேரத்தை அவர்கள் நோட்டில் குறித்தும் வந்தார்கள். எட்டேகால் மணிக்கு ஐந்தாம் கொடியருகில் நின்றவர் தொலைபேசியில் என்னை உடனே வரச் சொன்னார்.

நான் போனபோது வரப்பில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வயலின் குறுக்கே, தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு நோக்கி, தாள் மடிந்து ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் போன தடத்தைப் பார்த்து அடுத்தவர் போயிருக்கிறார். அப்படிப் பதினோரு பேர். குனிந்து பார்த்தேன். இரண்டு இலையும் நான்கு இலையுமாக நின்ற உளுந்துச் செடிகள் ஈரமண்ணில் அழுந்திக் கிடந்தன. அவர் சத்தம் போடவில்லை. “தரிசுன்னு யாரு சார் சொன்னது உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “என் தப்புதான் அம்மா” என்றேன். மூன்று மா நிலம், ஏறத்தாழ ஒரு ஏக்கர். இழப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், அவர் சொன்ன தொகை நியாயமானது, அன்றைக்கே கொடுத்தோம். மீதிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் வராமல் திருப்பிவிட்டோம்.

முடிவிடத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பெரியவர் பிரிவில் முதலில் நின்ற மாணவன், நகரத்தில் வளர்ந்தவன், வயலின் குறுக்கே ஓடியிருந்தான். அவனைக் கேட்டபோது, “மஞ்சள்னா ஓடலாம்னு நீங்கதான சார் சொன்னீங்க” என்றான். அவன் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. 38 விநாடி பின்னால் வந்த மாணவி, கோட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், அந்த இடத்தில் மட்டும் அவனைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் சுற்றிப் போனாய் என்று கேட்டேன். “தாளுக்கு நடுவுல உளுந்து மொளைச்சிருந்துச்சு சார். வரைபடத்துல புள்ளி இல்ல. ஆனா உளுந்து இருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்லும் தொனிகூட அதில் இல்லை.

உடனிருந்த ஆசிரியர் ஒருவர் ஒரு வழி சொன்னார்: நோட்டில் நேரம் இருக்கிறது, நான்கிலிருந்து ஐந்து வரையான நேரத்தை எல்லாருக்கும் கழித்துவிட்டுக் கணக்கிடலாம். அப்படிச் செய்தால் மாணவி முதலிடம் வருவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நான் மறுத்தேன். முன்கூட்டியே அறிவிக்காத ஒரு பகுதியைப் பின்னர் கழித்துவிட்டு முடிவு அறிவிப்பதைப் பன்னாட்டு விதி ஏற்பதில்லை. முழுப் பாதையின் நேரம்தான் கணக்கு. விருந்தினர்கள் காத்திருந்தார்கள், பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். பத்து நிமிடத்தில் முடிவெடுத்தேன். அவன் கோப்பையை வாங்கினான், அவள் கைதட்டினாள்.

எடுத்துக்கொண்ட பாதி விதி

நான் சொன்ன விதி சரியானது. ஆனால் அதே விதிநூலில் இன்னொன்றும் இருக்கிறது: போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு நியாயமற்றதாக்கும் சூழ்நிலை ஏற்பட்டுவிட்டது என்று தெரிந்தால், அமைப்பாளர் அந்தப் பாதையைச் செல்லாததாக்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியாமல் இல்லை. கழிக்கக் கூடாது என்ற பாதியை எடுத்துக்கொண்டு, செல்லாததாக்க வேண்டும் என்ற பாதியை விட்டுவிட்டேன். காரணம், செல்லாது என்று அறிவித்தால் அத்தனை பேர் முன்னிலையில் என் வரைபடம் பிழை என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்த எளிய உண்மையை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அதுவரை எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடம் எல்லாருக்கும் ஒன்றுதானே, பிழையும் எல்லாருக்கும் பொதுதானே என்பது ஒன்று. உளுந்தைப் பார்த்தும் ஓடியவர் யார், பார்க்காமல் ஓடியவர் யார் என்று எப்படிப் பிரிப்பது என்பது இன்னொன்று. இரண்டாவது இன்றும் வலுவான வாதம்தான். அந்த மாணவனைத் தண்டிக்க எந்த நியாயமும் இருந்ததில்லை. ஆனால் முதலாவது நிற்கவில்லை. இந்த விளையாட்டில் உள்ளூர் அறிவை அநியாயமான சாதகமாகக் கருதுகிறார்கள். அதனாலேயே போட்டி நடக்கும் நிலத்துக்குள் பங்கேற்பாளர்கள் முன்கூட்டியே போகக் கூடாது என்று தடை விதிக்கிறார்கள். எங்கள் போட்டியில் நடந்ததோ அதற்கு நேர் எதிர். நிலத்தை அறிந்தவள், அறிந்த காரணத்தாலேயே பின்தங்கினாள். வரைபடமும் நிலமும் முரண்பட்டபோது அவள் நிலத்தை நம்பினாள். கண்ணுக்கு முன் இருப்பதை வரைபடத்துக்கு ஏற்றபடி வளைக்காதே என்று நான்தான் முதல் வகுப்பிலிருந்து கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை முழுமையாகக் கடைப்பிடித்த ஒருத்திக்கு நான் இரண்டாமிடத்தைக் கொடுத்தேன்.

இந்த நாள்களில் ஆனைமங்கலச் செப்பேட்டைப் பற்றி மீண்டும் படித்தேன். ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொடுத்த ஊரின் எல்லையைச் சொல்லும் பகுதியில், வாய்க்காலுக்குக் கிழக்கு, வரப்புக்குத் தெற்கு என்று எல்லைகள் வரிசையாக வருகின்றன. வகுப்பில் அதை நான் வரைபடத்துக்கு முந்திய வரைபடம் என்று சொல்வதுண்டு. ஆனால் இம்முறை என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த எல்லை ஓலையிலே இருந்தபடி தீர்மானிக்கப்படவில்லை. பெண்யானை ஒன்றை நடத்தி, அந்த நாட்டார் உடன் நடந்து, எல்லையை மிதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். நானோ போன வைகாசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் சாலையோரப் பார்வையையும் வைத்து ஏழெட்டுக் குடும்பங்களின் பயிரைப் பற்றி முடிவுசெய்தேன். அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

நகரத்திலிருந்து வந்தவர் சொன்ன கருத்தையும் இப்போது நான் ஏற்பதில்லை. எந்தப் பக்கமும் போகலாம் என்பது காட்டுக்குப் பொருந்தும். இங்கே ஒவ்வோர் அடியும் ஒருவருடைய விதைப்பு. வயலைத் தொடாமல், வரப்பையும் கரையையும் மதகையும் மட்டும் வைத்துக்கொண்டு வழி தேடுவது குறைந்த விளையாட்டு என்று நினைத்தது என் பிழை. எந்த வாய்க்கால் இந்த வாரம் வற்றியிருக்கும், எந்த மதகின் மேல் நடக்க முடியும், எந்தக் கரை வேலிக்காத்தான் அடர்ந்து அடைத்திருக்கும் என்று ஓடிக்கொண்டே தீர்மானிப்பதில் இருக்கும் கூர்மையை, போன ஆண்டுப் போட்டியில் என் கண்ணால் பார்த்தேன். ஒரே இடத்துக்குப் பிள்ளைகள் ஐந்து வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தார்கள். ஒரு வயலிலும் கால் படவில்லை.

போன ஐப்பசியில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பயிற்சி நாளில், அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் இப்போது பதினோராம் வகுப்பு. ஒரு ஞாயிறும் தவறாமல் வருகிறாள். அந்தப் போட்டியைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அன்றைய முடிவு தவறு, அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியிருக்க வேண்டும், அதைச் செய்யாதது என் பிழை என்றேன். சற்று நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம் சார்” என்றாள்.

திருச்சியில் படிக்கும் அந்த மாணவனையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவன் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைத் தொடங்கினேன். கோப்பையைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?” என்று கேட்டான். அன்று மாலை மன்றத்தின் பதிவேட்டை எடுத்து, அந்த ஆண்டுப் பெரியவர் பிரிவுக்கு நேரே, “செல்லாது. வரைபடப் பிழை” என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டேன்.

இந்தத் தையில் அதே நிலத்தில் மீண்டும் போட்டி. மூன்று வாரமாக, மாணவியும் நானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வரைபடத்தோடு நடந்தே போய், வயல்காரர்கள் ஒவ்வொருவரையும் கேட்டு, வயல் வயலாகக் குறித்து வருகிறோம். அவரவர் சொல்வதை அவளே பென்சிலால் எழுதிக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணியைப் பார்த்தோம். அவருடைய மூன்று மாவில் நெல் இன்னும் நிற்கிறது. உளுந்து விதைத்தாயிற்றா என்று கேட்டேன். ஈரம் கொஞ்சம் இழுக்கட்டும், செவ்வாய்க்கிழமை விதைக்கலாமென்று இருக்கிறேன் என்றார். மாணவி அங்கேயே வரப்பில் உட்கார்ந்து, அந்த வயலில் புள்ளிகளை வைக்கத் தொடங்கினாள்.